உதவியாளர் போட்ட ஊசியும் பதில் வராத மெசேஜும்

வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கித் தருகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டேன். நாயின் பெயரைக்கூட ‘அம்மு’ என்று மாற்றியிருக்கிறேன்.

அம்மு ஏழு வயது லேப்ரடார். கருத்தடை செய்யவில்லை. ஹீட் (இனச்சேர்க்கைப் பருவம்) முடிந்து ஐந்து வாரம் போல ஆனபோது ஒருநாள் வாந்தி எடுத்தாள், சாப்பாட்டைத் தொடவில்லை. வழக்கமான கிளினிக்கில் டாக்டர் பார்த்துவிட்டு, வயிற்றுக் கோளாறு என்று ஊசி போட்டு மாத்திரை எழுதினார். மறுநாள் காலை 6.40-க்கு வாசகி அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியது: “டாக்டர், தண்ணி ரொம்ப குடிக்கிறா. வயிறு உப்பின மாதிரி இருக்கு. கூட்டிட்டு வரட்டுமா?” நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. மாலையில் வாசகியே கூட்டிப் போக, டிரிப்ஸ் ஏற்றி அனுப்பினார்கள். மூன்றாம் நாளும் நான்காம் நாளும் டாக்டர் ஊரில் இல்லை. அங்கே உதவியாளராக இருக்கும் இளைஞர் போனில் யாரிடமோ பேசிவிட்டு ஊசி போட்டார். ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தால், கருப்பை முழுக்கச் சீழ். உடனே அறுவை சிகிச்சை. அன்றிரவே அம்மு போய்விட்டாள். பிரேதப் பரிசோதனை செய்யவில்லை, புதைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் நடந்து ஆறு வாரம் ஆகிறது. “அந்த டாக்டரின் லைசென்ஸை ரத்து செய்ய வைக்க முடியுமா? ஐந்து லட்சம் இழப்பீடு கேட்கலாமா? போலீசில் கொடுத்தால் என்ன? கவுன்சிலில் இருப்பவர்களும் டாக்டர்கள்தானே, அவர்களுக்குள் விட்டுக்கொடுப்பார்களா?” என்று கேட்கிறார். முதல் கிளினிக்கில் கட்டிய 6,200 ரூபாயைத் திருப்பித் தருவதாகவும், ‘இனி எந்தப் புகாரும் இல்லை’ என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும் என்றும் சொல்கிறார்களாம். கூகுளில் ஒரு ரிவ்யூவும் போட்டுவிட்டார். அதில் ‘கொலைகாரன்’, ‘போலி டாக்டர்’ என்ற சொற்கள் இருக்கின்றன.

அன்புள்ள வாசகிக்கு,

ஏழு வருடம் வீட்டில் ஒருத்தியாக இருந்தவள் ஐந்தே நாளில் இல்லாமல் போனால் கோபம் எங்கேயாவது போய் முட்டத்தான் செய்யும். உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நோயைக் கண்டுபிடிக்கவில்லை என்பதை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறீர்கள். உதவியாளர் ஊசி போட்டதை நாலாம் பக்கத்தின் அடியில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சட்டத்தின் கண்ணுக்கு வரிசை இதற்கு நேர் எதிர். நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த ஒரு வரிதான் உங்கள் புகாரிலேயே கனமானது.

கவுன்சில் எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது

கால்நடை மருத்துவர்களின் தொழிலை முறைப்படுத்துவது 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். அதன்படி தேசிய அளவில் ஒரு கவுன்சில், மாநிலத்துக்கு ஒரு கவுன்சில். பதிவேட்டில் பெயர் இருப்பவர்தான் கால்நடை மருத்துவம் பார்க்கலாம், சான்றிதழில் கையெழுத்திடலாம். அவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதற்கு 1992-இல் வந்த தொழில் நடத்தை, நன்னெறி ஒழுங்குமுறைகள் இருக்கின்றன. தமிழ்நாட்டில் நடந்தது என்றால் புகாரைத் தமிழ்நாடு மாநிலக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் பதிவாளருக்கு எழுத்துமூலம் அனுப்ப வேண்டும். புகாரைச் சம்பந்தப்பட்ட டாக்டருக்கு அனுப்பி விளக்கம் கேட்பார்கள். தேவைப்பட்டால் இரு தரப்பையும் அழைத்து விசாரிப்பார்கள். அவருக்குத் தன் பக்கத்தைச் சொல்ல வாய்ப்புத் தராமல் எந்த முடிவும் எடுக்க முடியாது. மாதக்கணக்கில் இழுக்கும் என்று உங்களிடம் சொன்னவர் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை.

நீங்கள் ‘லைசென்ஸ்’ என்று சொல்வது உண்மையில் இந்தப் பதிவேட்டில் உள்ள பெயர். அதை நீக்குவதுதான் கவுன்சிலின் கையில் இருக்கும் பெரிய ஆயுதம். ஒருவர் பிழைப்பையே பறிக்கிற ஆயுதம் என்பதால் அதை எடுக்கத் தயங்குவார்கள், தயங்கவும் வேண்டும். ‘இவர் ஒரு நோயைத் தவறாகக் கணித்தார்’ என்பதற்காக மட்டும் எடுக்க மாட்டார்கள். பணம் வாங்கித் தரும் அதிகாரம் கவுன்சிலுக்குக் கிடையாது; ஒரு ரூபாய் இழப்பீடுகூட அங்கிருந்து வராது. இது நம் ஊர் வழக்கம் மட்டுமில்லை. பிரிட்டனில் 1966-ஆம் ஆண்டின் கால்நடை அறுவை மருத்துவர் சட்டத்தின் கீழ் இயங்கும் அமைப்பும் தொழில்முறையில் வெட்கக்கேடான நடத்தையா என்றுதான் பார்க்கும். இழப்பீடு கேட்பவரை வேறு வழிக்குத்தான் அனுப்பும்.

டாக்டர்களை டாக்டர்களே விசாரிப்பார்களா என்று கேட்டீர்கள். ஆம், உறுப்பினர்களில் பெரும்பாலோர் கால்நடை மருத்துவர்கள்தான். அதனால் சாதகம் ஒன்றும் உண்டு, பாதகம் ஒன்றும் உண்டு. ‘எல்லா டாக்டரும் சில நேரம் தவறவிடுவதுதான்’ என்று அனுதாபப்படுவதும் அவர்கள்தான். இரண்டு மருந்துச் சீட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த மாத்திரத்தில் என்ன நடந்தது என்று புரிந்துகொள்வதும் அவர்கள்தான். பதிவு பெறாத ஆள் ஊசி எடுப்பதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் லேசில் விடுவதில்லை. தங்கள் பட்டத்துக்கே அர்த்தமில்லாமல் போகிற விஷயம் அது.

நான்கு மருந்துச் சீட்டுகள்

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் இரண்டு சீட்டும் ஒரே கையெழுத்து, கீழே டாக்டரின் ஒப்பம். மூன்றாவதும் நான்காவதும் வேறு கையெழுத்து, உருட்டி உருட்டி எழுதியிருக்கிறது. ஒப்பம் இடும் இடம் காலி. ஆனால் அதே ரப்பர் ஸ்டாம்ப், டாக்டர் பெயருடனும் பதிவு எண்ணுடனும். நான்காம் நாள் சீட்டில் முதல் மூன்று நாளில் இல்லாத ஓர் ஊசி மருந்து புதிதாக ஏறியிருக்கிறது. யார் சொல்லி?

இங்கே நிதானம் தேவை. உதவியாளர் ஊசி போட்டாலே சட்டவிரோதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்கான டிப்ளமோ அல்லது சான்றிதழ் உள்ளவர்கள், பதிவு பெற்ற மருத்துவரின் மேற்பார்வையிலும் உத்தரவிலும், தடுப்பூசி, காயத்துக்குக் கட்டுப் போடுவது போன்ற சிறு சேவைகளைச் செய்ய மாநில அரசு அனுமதிக்கலாம் என்று அந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு சொல்கிறது. ஆகவே விடை தெரிய வேண்டிய கேள்விகள் இவை: அந்த இளைஞருக்கு அப்படித் தகுதி ஏதாவது உண்டா? போனில் பேசியது டாக்டரிடமா, வேறு யாரிடமா? டாக்டர் சொன்ன ஊசியைத்தான் போட்டாரா, தானே பார்த்து மாற்றினாரா? டாக்டர் ஊரில் இல்லை என்றால் அந்த இரண்டு நாளுக்கு வேறொரு டாக்டரை ஏன் ஏற்பாடு செய்யவில்லை, அல்லது உங்களை வேறு இடத்துக்குப் போகச் சொல்லவில்லை? கவுன்சிலுக்கு எழுதும் புகாரின் நடுப்பகுதி இதுதான். ‘பதிவை ரத்து செய்க’ என்று தண்டனையை நீங்களே எழுதாதீர்கள். ‘விசாரித்து உரிய நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்’ என்பது போதும். தேதிவாரியாக ஒன்றரைப் பக்கம், சீட்டுகளின் நகல், அவ்வளவே. பதினைந்து பக்கப் புகாரில் முக்கியமான வரி தொலைந்துபோகும். உங்கள் நான்கு பக்கத்திலேயே அது நடக்கப் பார்த்தது.

கூடவே, டாக்டரின் பெயர் பதிவேட்டில் இருக்கிறதா என்று கவுன்சிலில் சரிபாருங்கள். நீங்கள் ‘போலி’ என்று எழுதிவிட்டீர்கள்; ஸ்டாம்பில் எண் இருக்கிறது. அந்த எண் அவருடையதாகவே இருந்தால் உங்கள் ரிவ்யூதான் உங்களுக்கு எதிராகத் திரும்பும். புகார் கொடுத்தபின் மாதக்கணக்கில் சத்தமே இல்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் நிலையைக் கேட்கலாம். கவுன்சில் சட்டப்படி அமைந்த அமைப்பு, 30 நாளில் பதில் தர வேண்டும்.

நோயைத் தவறவிட்டது அலட்சியமா?

இதில்தான் நீங்கள் நினைப்பதைக் கொஞ்சம் திருத்த வேண்டியிருக்கிறது. அம்முவுக்கு வந்தது பயோமெட்ரா, கருப்பையில் சீழ் கட்டும் நோய். கருத்தடை செய்யாத, நடுவயதைத் தொட்ட பெண் நாய்களுக்கு ஹீட் முடிந்த சில வாரங்களில் வருவது. கருப்பை வாய் திறந்திருந்தால் சீழ் வெளியே வடியும், வீட்டிலேயே தெரிந்துவிடும். மூடியிருந்தால் வெளியே ஒன்றும் வராது. வாந்தி, சோர்வு, பசியின்மை, அதிக தாகம் என்று பத்து நோய்களுக்குப் பொதுவான அறிகுறிகள்தான் இருக்கும். சரியான நேரத்தில் அறுவை சிகிச்சை செய்தாலும் சில நாய்கள் பிழைப்பதில்லை. ஆகவே முதல் நாள் வாந்தியைப் பார்த்து வயிற்றுக் கோளாறு என்று நினைத்ததை மட்டும் வைத்து அலட்சியம் என்று நிரூபிப்பது கடினம்.

சட்டம் வைத்திருக்கும் அளவுகோலும் அதுதான். ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது மனித மருத்துவர்களைப் பற்றி என்றாலும், அலட்சியத்தை அளக்கும் முறை இங்கும் பொருந்தும். அந்தத் துறையில் சாதாரணத் திறமையுள்ள ஒருவர் அதே நிலையில் என்ன செய்திருப்பார், இவர் அதைச் செய்தாரா என்று கேட்க வேண்டும். ஆகச்சிறந்த நிபுணரோடு ஒப்பிடக் கூடாது. கணிப்பில் ஒரு பிழை, சிகிச்சை பலிக்காமல் போவது, இவை தாமாகவே அலட்சியம் ஆகிவிடாது.

ஆனால் இரண்டாம் நாள் கதை வேறு. அதிக தாகம், உப்பிய வயிறு என்று நீங்கள் எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். கருத்தடை ஆகாத ஏழு வயதுப் பெண் நாய். ‘கடைசியாக எப்போது ஹீட் ஆனது’ என்ற கேள்வியை யாராவது கேட்டார்களா? சீட்டில் அதற்கான குறிப்பு இல்லை. எடை இல்லை, உடல் வெப்பம் இல்லை. ஸ்கேன் எடுக்கச் சொன்னதாகவும் ஒரு வரி இல்லை. முன்னேற்றம் இல்லாத நிலையிலும் அடுத்த இரண்டு நாளும் அதே பாதையில் போயிருக்கிறார்கள். அலட்சியம் என்று வாதிட வேண்டுமானால் முதல் நாளை விட்டுவிட்டு இரண்டாம் நாள் காலை 6.40-லிருந்து தொடங்குங்கள். டாக்டர் தரப்பு உங்களைப் பதிலுக்குக் கேட்கும்: ‘ஹீட் ஆனதை நீங்கள் ஏன் சொல்லவில்லை? மூன்றாம் நாளே வேறு இடத்துக்கு ஏன் போகவில்லை?’ கோபப்படாமல் சொல்ல ஒரு பதிலை இப்போதே யோசித்து வையுங்கள். உண்மையான பதில் எளிமையாகத்தான் இருக்கும்: கேட்கவில்லை, அதனால் சொல்லத் தெரியவில்லை, சரியாகிவிடும் என்று அந்த இளைஞர் சொன்னார், நம்பினோம்.

இரண்டாவது மருத்துவமனை டாக்டர் ‘முன்னாடியே வந்திருக்கலாம்’ என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை வைத்து வழக்கை நிற்க வைத்துவிடலாம் என்று நினைக்கிறீர்கள். அது நிற்காது. சக டாக்டருக்கு எதிராக அவர் சாட்சி சொல்ல வருவார் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அவரிடம் அபிப்பிராயம் கேட்க வேண்டாம், ஆவணம் கேளுங்கள். ஸ்கேன் படமும் அறிக்கையும், ரத்தப் பரிசோதனை முடிவு, அறுவை சிகிச்சைக் குறிப்பு, எடுத்த கருப்பை எந்த நிலையில் இருந்தது என்ற விவரம். இவற்றை வைத்து ஒரு கால்நடை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியரிடம் எழுத்தில் கருத்துக் கேட்கலாம். பிரேதப் பரிசோதனை இல்லாதது குறைதான். ஆனால் உங்கள் விஷயத்தில் அறுவை மேசையிலேயே நோய் கண்ணால் பார்க்கப்பட்டுவிட்டது, அதனால் பெரிய ஓட்டை இல்லை. (படிக்கும் மற்றவர்களுக்கு: இப்படிச் சந்தேகம் இருந்தால் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை செய்யுங்கள். உடலைக் குளிரில் வைக்கலாம், உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் திசுக்கள் கெட்டு ஒன்றும் தெரியாமல் போகும். ஒரு நாளுக்குள் கொண்டுபோவது நல்லது.)

பணம் கேட்கும் வாசல்

இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 1995-இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம், கட்டணம் வாங்கும் மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்றது. கால்நடை மருத்துவர்கள் மீதான வழக்குகளையும் ஆணையங்கள் எடுத்து விசாரித்திருக்கின்றன. (வக்கீல்களான நாங்கள் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டோம் என்று 2024 மே மாதம் அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. டாக்டர் நண்பர்கள் அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறார்கள்.) எல்லோருக்கும் இலவசமாகவே பார்க்கும் அரசு கால்நடை மருத்துவமனை என்றால் இந்த வாசல் பொதுவாகத் திறக்காது. நீங்கள் போனது தனியார் கிளினிக், பில் இருக்கிறது, ஆகவே பிரச்சினை இல்லை.

ஐந்து லட்சம் கேட்டால் அதற்கேற்பக் கட்டணம் கட்ட வேண்டுமே என்று பயப்படுகிறீர்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் கணக்கு நீங்கள் கேட்கும் தொகையை வைத்து இல்லை, சேவைக்குக் கொடுத்த தொகையை வைத்து. நீங்கள் கொடுத்தது 6,200 ரூபாய். ஐந்து லட்சம் வரை கட்டணமே கிடையாது. வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே தாக்கல் செய்யலாம், இணையம் வழியாகவும் செய்யலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கவுன்சில் முடிவு வரட்டும் என்று காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட்டவர்கள் உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் நடத்தத் தடையில்லை. கவுன்சிலின் முடிவு ஆணையத்தைக் கட்டுப்படுத்தாது, ஆனால் உங்களுக்குச் சாதகமாக வந்தால் நல்ல துணை.

ஐந்து லட்சம் கிடைக்குமா? நேராகச் சொல்கிறேன்: அந்த அளவை எதிர்பார்க்காதீர்கள். சட்டத்தின் பார்வையில் வளர்ப்புப் பிராணி இன்னும் உடைமைதான். சிகிச்சைச் செலவு, இரண்டாவது மருத்துவமனையில் கட்டிய 28,000 ரூபாய், மன உளைச்சலுக்கு ஒரு தொகை, வழக்குச் செலவு என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் காட்டிக் கேளுங்கள். மொத்தமாகப் பெரிய எண்ணைப் போட்டால் உங்கள் நோக்கத்தைத்தான் சந்தேகிப்பார்கள்.

போலீஸ், ரிவ்யூ, கையெழுத்து

போலீஸ் வேண்டாம். அலட்சியத்தால் மரணம் என்ற குற்றப்பிரிவு மனிதர் இறந்தால் மட்டுமே பொருந்தும். விலங்கைக் கொல்வது பற்றிய பிரிவு, பாரதிய நியாய சன்ஹிதாவில் (இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 325, தீங்கு செய்யும் எண்ணமோ, தீங்கு நேரும் என்று தெரிந்தே செய்ததோ இருந்தால்தான் நிற்கும். அலட்சியம் அதில் அடங்காது. டாக்டர் பதிவே இல்லாதவர் என்று தெரியவந்தால் மட்டும் இந்தப் பதில் மாறும்.

ரிவ்யூவை இன்றே திருத்துங்கள். அவதூறு இன்றும் குற்றம், அதே சன்ஹிதாவின் 356-ஆவது பிரிவு. இரண்டு சொற்களையும் எடுத்துவிட்டு நடந்ததை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எந்த நாள் போனோம், யார் ஊசி போட்டார், எங்கே என்ன கண்டுபிடிக்கப்பட்டது. படிப்பவர்கள் முடிவுக்கு வந்துகொள்வார்கள்.

6,200 ரூபாய்த் தாளில் இப்போதைக்குக் கையெழுத்திடாதீர்கள். ‘முழுத் தீர்வாகப் பெற்றுக்கொண்டேன்’ என்று எழுதிக் கொடுத்தால் நுகர்வோர் வழக்கு அங்கேயே முடங்கும் ஆபத்து உண்டு. சமரசமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இரண்டு மருத்துவமனைச் செலவும் சேர்த்து, எழுத்தில் ஒரு விளக்கமும் கொடுத்தால் யோசிக்கலாம். பலருக்கு வழக்கைவிட அதுவே நிம்மதி. ஆனால் முடித்துக்கொள்வது பணத்தகராறை மட்டுமாக இருக்கட்டும். கவுன்சிலுக்குப் போக மாட்டேன் என்று எழுதி வாங்குவது முறையல்ல. தொழில் நடத்தை உங்கள் இருவருக்குள் பேசித் தீர்க்கிற கொடுக்கல் வாங்கல் இல்லை.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டு. முதல் கிளினிக்குக்கு, அம்முவின் சிகிச்சைப் பதிவுகள் முழுவதையும் கேட்டு ஒரு கடிதம், விரைவுத் தபாலில். தராமல் மறைத்தால் அதுவே சேவைக் குறைபாட்டுக்கு ஒரு காரணமாகும். விவரத்தை வேண்டுமென்றே மறைப்பதும் அந்த வரையறைக்குள் வருகிறது. இரண்டாவது, வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காமல் முழுதாக ‘எக்ஸ்போர்ட்’ செய்து வையுங்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ் (பதிவு எந்தக் கருவியிலிருந்து எப்படி எடுக்கப்பட்டது என்று சொல்வது) கேட்கப்படலாம், போன் கையில் இருந்தால் அது எளிது.

கடைசியாக, நான்காம் நாள் அம்முவைப் பிடித்துக்கொண்டு நின்ற உங்கள் பத்து வயது மகனைச் சாட்சியாக்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தில் தடையில்லை, ஆனால் தேவையில்லை. அந்த அறையில் நீங்களும் இருந்திருக்கிறீர்கள். ஆணையத்தில் பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தை வைத்தே விசாரணை நடக்கும், உங்களுடையது போதும்.